ஜார்ஜியால ஒரு வாரம்: சாப்பாட்டோட சேர்த்துக் குடிச்சுப் பார்த்த வைன்கள்

துபாய்ல இருக்கற நம்மாளுங்க நாலு நாள் லீவு சேர்ந்தா முதல்ல தேடறது திபிலிசி (ஜார்ஜியா நாட்டோட தலைநகரம்) டிக்கெட் தான். மூணு மூணரை மணி நேரத்துல போய் எறங்கிடலாம், குளிர் கிடைக்கும், மலை கிடைக்கும், கஸ்பெகி போய் நாலு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டுட்டு திரும்பி வந்துடலாம். நாங்க போனது கொஞ்சம் வேற மாதிரி. இவருக்கு ரொம்ப நாளா வைன் மேல ஒரு ஆர்வம், கூட வந்த அண்ணா (இவரோட காலேஜ் ஃப்ரெண்ட்) எதைக் குடுத்தாலும் குடிப்பாரு, அக்கா சுத்த சைவம் ஆனா ஒரு கிளாஸ் வைன் எடுத்துக்குவாங்க, எனக்கு வைன்னா அதுவரைக்கும் ஆபீஸ் பார்ட்டில கையில புடிச்சுக்கிட்டு நிக்கற ஒரு பொருள், அவ்வளவு தான். அக்டோபர் ஆரம்பம், அங்க திராட்சை அறுவடை சீசன், ர்த்வேலினு சொல்றாங்க, அதைப் பார்த்தே புக் பண்ணினோம்.

ஒரு வாரம் சுத்தினதுல என் மண்டைல ஏறினது இது தான்: டேஸ்டிங் ரூம்ல கிளாஸை வரிசையா வச்சு ஒவ்வொரு வாயா குடிச்சு எந்த வைனையும் நல்லது கெட்டதுனு முடிவு பண்ணாதீங்க, அதே வைன் சாதாரண கடைல பீன்ஸோட ரொட்டியோட வரும்போது முழுசா வேற ஆளா இருக்கு. நம்ம ஊர்ல சரக்கடிக்கறவங்க முதல்ல அடிப்பாங்க, சைட் டிஷ்ஷை ரெண்டு வாய் கொறிப்பாங்க, சாப்பாடு கடைசில ஆறிப்போய் கிடக்கும். அங்க தலைகீழ், தட்டு வராம யாரும் கிளாஸைத் தூக்கறதே இல்ல. ரொட்டி, சீஸ், தக்காளி வெள்ளரிக்கா சாலட், இது மூணும் டேபிள்ல வந்து உக்காந்த அப்புறம் தான் ஜக்கே வரும். அந்த வைன் எல்லாம் சாப்பாட்டுக்காகவே செஞ்ச வைன், தனியா குடிச்சா பாதிக்கு மேல முகம் சுளிக்கும்.

எனக்கு அப்படித் தான் ஆச்சு. முதல் நாள் சோலோலாகி ஏரியால (பழைய திபிலிசி, மர பால்கனி வீடெல்லாம் இருக்கற பக்கம்) ஒரு சின்ன வைன் பார், வெறும் வயிறு, ஆம்பர் வைன் ஊத்தினாங்க. வெள்ளை திராட்சைல செய்யறது தான் ஆனா தேன் கலர்ல இருக்கும், ஏன்னா சாறை மட்டும் வடிகட்டி எடுக்காம தோல், கொட்டை, காம்பு எல்லாத்தையும் சேர்த்தே மண்ணுக்குள்ள கழுத்து வரைக்கும் புதைச்ச பெரிய மண் ஜாடில கொட்டிடுவாங்க, க்வெவ்ரினு பேர், புளிச்சு முடிஞ்சதும் மூடி போட்டு சீல் பண்ணி அஞ்சாறு மாசம் அப்படியே விட்டுடறது. யுனெஸ்கோ 2013ல இந்த முறையையே பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்திருக்கு. சரி, பெருமை எல்லாம் இருக்கட்டும், வாயில வச்சா ரொம்ப நேரம் ஊறின கட்டன் டீ மாதிரி நாக்கை இழுத்துப் புடிக்குது. அண்ணா கிளாஸைக் கீழ வச்சுட்டு "மாப்ள, இதுக்கு நான் கசாயமே குடிச்சிருப்பேன்டா"ன்னாரு.

அன்னிக்கு ராத்திரி வேற ஒரு கடை, டேபிளுக்குப் பிளாஸ்டிக் விரிப்பு போட்ட கடை தான், அக்காவுக்காக பத்ரிஜானி சொன்னோம். கத்திரிக்காயை நீளமா மெலிசா சீவி எண்ணெய்ல பொரிச்சு, அதுக்குள்ள வால்நட்டும் பூண்டும் சேர்த்து அரைச்ச விழுதைத் தடவி சுருட்டி, மேல மாதுளை முத்து தூவித் தர்றாங்க. அந்த விழுதுல ஒரு வெந்தய வாசனை வரும், அக்கா ஒரு வாய் போட்டதும் "இதுல வெந்தயம் போட்டிருக்கான் பாரேன்"னு கண்டுபிடிச்சுட்டாங்க, கேட்டா வெந்தயத்தோட சொந்தக்கார செடி ஒண்ணு அங்க வெளையுது, அதோட விதையைக் காய வச்சுப் பொடி பண்ணிப் போடறாங்களாம். கூட ஆம்பர் வைன், மத்தியானம் குடிச்ச அதே ர்கட்சிதெலி திராட்சை, இங்க ஜக்குல. நான் வேணாம்னு தான் இருந்தேன், இவர் "ஒரு வாய் கத்திரிக்காய சாப்பிட்டுட்டு குடிச்சுப் பாரு"ன்னதால குடிச்சேன். நாக்கு பூரா வால்நட் எண்ணெய்யும் பூண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு, வைன் போனதும் அதை சுத்தமா தொடைச்சு எடுத்துட்டுப் போகுது, அந்த துவர்ப்பு இருக்கே அது வால்நட்டோட கொழுப்புல அடங்கி காணாம போயிடுது, மிச்சம் இருக்கறது உலர்ந்த ஆப்ரிகாட், ஆரஞ்சுத் தோல் மாதிரி ஒரு வாசம் மட்டும். அடுத்த வாய் கத்திரிக்கா கேக்குது, அது முடிஞ்சா அடுத்த வாய் வைன் கேக்குது. ரெண்டாவது பிளேட் சொன்னோம்.

அதுல இருந்து ஒரு பழக்கம் வச்சுக்கிட்டோம், புது வைன் வந்தா முதல்ல வெறுமனே ஒரு சின்ன வாய், அப்புறம் டேபிள்ல இருக்கற ஒவ்வொண்ணோடயும் ஒரு வாய். உப்பான சுல்குனி சீஸ், ஊறுகா, பச்சை வெங்காயம், ரொட்டி. உப்பும் கொழுப்பும் துவர்ப்பை அடக்கும், புளிப்பான சாப்பாடு மந்தமான வைனை இன்னும் மந்தமாக்கிடும். இந்த ரெண்டு விஷயம் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது, மத்தபடி நாப்பது வகை பழ வாசனை பேர் எல்லாம் மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல. இன்னொண்ணு, ஆம்பர் வைனை ஃப்ரிட்ஜ்ல இருந்து ஜில்லுனு எடுத்துட்டு வந்தா பத்து பதினஞ்சு நிமிஷம் வெளிய விடுங்க. சில்லுனு இருந்தா துவர்ப்பு தான் தூக்கலா தெரியும், வாசனை ஒண்ணுமே வராது.

சைவம் சாப்பிடறவங்க ஜார்ஜியால பட்டினி கிடக்கணும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அங்க ஆர்த்தடாக்ஸ் சர்ச் நோன்பு நாள் வருஷத்துல நிறைய வருது, அதனால பால் கூட சேர்க்காத சைவம் மெனுல எப்பவும் இருக்கும். ம்த்ஸ்கேத்தா போற வழில மண் சட்டில லோபியோ சாப்பிட்டோம், ராஜ்மா வகை பீன்ஸை வெங்காயம் கொத்தமல்லி போட்டு குழைய வேக வச்சது, கூட சோள மாவு ரொட்டி ம்சாடி, ஜோன்ஜோலினு ஒரு பூ மொட்டு ஊறுகா. அந்த ஊறுகா புளிப்புக்கும் பீன்ஸ் மாவுத்தன்மைக்கும் கடைக்காரம்மா வீட்டு வைன் அப்படிப் பொருந்துச்சு, பாட்டில்ல லேபிள் கூட இல்ல, அக்கா ரெண்டு கிளாஸ் குடிச்சுட்டு கார்ல தூங்கிட்டே வந்தாங்க.

இப்ப ஊறுகா விஷயத்துக்கு வர்றேன், நம்ம ஊறுகா. அக்கா பையில பூண்டு ஊறுகாவும் பருப்புப் பொடியும் இல்லாம எங்கயும் போக மாட்டாங்க. மூணாவது நாளே எல்லாருக்கும் காரம் தேட ஆரம்பிச்சிடுச்சு, தங்கின வீட்ல சூடா ஷோதி ரொட்டி வாங்கி வந்து (தந்தூரி அடுப்பு போலவே ஒரு வட்ட மண் அடுப்பு, அதோட சுவத்துல ஒட்டிச் சுடறது, ரெண்டு முனையும் கூரா இருக்கும்) பூண்டு ஊறுகா தடவி, கூட நல்ல ட்ரை சபெராவி (இனிப்பே இல்லாத செவப்பு வைன்). வாய் பத்திக்கிச்சு. வைன் குடிச்சா எரிச்சல் கொறையும்னு இன்னொரு வாய் குடிச்சா இன்னும் ஏறுது. காரத்தை ஆல்கஹால் தூக்கி விடும், துவர்ப்பு அதுக்கு மேல சொரசொரப்பா உக்காரும், சபெராவில ரெண்டுமே தாராளம். அப்ப தான் இவர் டூரிஸ்ட் கடைல சும்மா வாங்கி வச்சிருந்த கிண்ட்ஸ்மராவுலியைத் தொறந்தாரு, அதே சபெராவி திராட்சை தான் ஆனா செமி ஸ்வீட், சர்க்கரை முழுசா ஆல்கஹாலா மாறறதுக்கு முன்னாடி குளுமைப்படுத்தி புளிக்கறதை நிறுத்திடுவாங்க. அந்த லேசான இனிப்பு காரத்தைப் புடிச்சு உக்கார வச்சுடுச்சு. வைன் தெரிஞ்சவங்க செமி ஸ்வீட்டைக் கண்டா மூக்கைச் சுளிப்பாங்க, சுளிக்கட்டும், நம்ம காரத்துக்கு அது தான் சரி, ஐஸ் பக்கெட்ல கொஞ்ச நேரம் வச்சுக் குடுங்க.

அவங்க ஊர்லயும் காரம் உண்டு, அஜிகானு ஒரு மிளகா பூண்டு விழுது, மேற்குப் பக்கம் சமெக்ரெலோ ஊர்ல இருந்து வர்றது. டெசர்ட்டர் பஜார்ல (ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து மார்க்கெட்) கிலோ கணக்குல வச்சிருக்காங்க, நான் ரெண்டு டப்பா வாங்கினேன், இட்லிக்கே தொட்டுக்கலாம்.

காகேத்தி தான் வைன் நாடு, கிழக்குப் பக்கம், நாட்டோட வைன்ல பெரும்பகுதி அங்க இருந்து தான் வருது. திபிலிசில இருந்து கோம்போரி கணவாய் வழியா தெலாவி போனோம், வளைஞ்சு வளைஞ்சு போற ரோடு, வாந்தி வர்றவங்க மாத்திரை போட்டுக்கங்க. கார் நீங்களே ஓட்டலாம்னு நினைக்காதீங்க, போற எடமெல்லாம் ஊத்திக் குடுக்கறாங்க, வேணாம்னு சொன்னா மனசு கஷ்டப்படறாங்க, ஒரு டிரைவரோட கார் எடுத்துக்கறது தான் புத்திசாலித்தனம். ஆனா டிரைவர் எங்க நிறுத்தறாருனு முன்னாடியே பேசிடுங்க. எங்க டிரைவர் முதல்ல கொண்டு போய் நிறுத்தினது பஸ் பஸ்ஸா ஆளுங்க எறங்கற ஒரு பெரிய எடத்துல, அரை மணி நேரம் எஃகு டேங்க்கைச் சுத்திக் காட்டிட்டு, பிளாஸ்டிக் கப்புல நாலு சொட்டு ஊத்திட்டு, நேரா கடைக்குள்ள தள்ளி விட்டாங்க. தொட்டுக்க ஒரு துண்டு ரொட்டி கூட கிடையாது. அடுத்த நாள் "ஒரு வீடு, ஒரு குடும்பம், சாப்பாடும் அவங்களே போடணும்"னு தெளிவா சொன்னதுக்கு அப்புறம் தான் சரியான எடம் கிடைச்சுது.

அந்த வீட்டைப் பத்தி கொஞ்சம் சொல்லணும். எங்கப்பா ஊர் கம்பம் பக்கம், பன்னீர் திராட்சை பந்தலுக்கு அடியில வெளையாடி வளர்ந்தவ நான், திராட்சைத் தோட்டம்னா எனக்கு தலைக்கு மேல கூரை போட்டு கொத்து தொங்கணும். இங்க கம்பி கட்டி வரிசை வரிசையா இடுப்பு உயரத்துக்கு நிக்குது, பின்னாடி தூரத்துல காகசஸ் மலை, நடுவுல அலசானி சமவெளி. வீட்டுக்காரர் கையில ஒரு கத்தரியும் பக்கெட்டும் குடுத்து வெட்டச் சொல்லிட்டாரு. நான் ஒரு பழத்தைப் பிச்சு நசுக்கினேன், விரல் பூரா ரத்தச் செவப்பு. நம்ம பன்னீர் திராட்சை தோல் தான் கருப்பு, உள்ள சதை வெளுப்பா தான் இருக்கும், உலகத்துல பெரும்பாலான கருப்பு திராட்சை அப்படித் தான், சபெராவி சதையே செவப்பு. ராத்திரி கண்ணாடில பார்த்தா பல்லும் உதடும் ஊதா, ரெண்டு நாள் லேசா இருந்துச்சு, போட்டோ எடுக்கறதா இருந்தா குடிக்கறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க.

வைன் வைக்கற எடத்துக்கு மரானினு பேர். தரைல வட்ட வட்டமா வாய் மட்டும் தெரியுது, உள்ள ஆள் உயரத்துக்கு மேல ஜாடி. உள்பக்கம் தேன்மெழுகு பூசியிருக்காங்க. காலி ஜாடி ஒண்ணுக்குள்ள எட்டிப் பார்க்கச் சொன்னாரு, கழுவறதுக்கு செர்ரி மரப்பட்டையை அடுக்கிக் கட்டி நீளக் கம்புல மாட்டின ஒரு தேய்ப்பான், அதை வச்சுத் தேய்ச்சுத் தேய்ச்சுத் தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் கழுவணுமாம், வைன் கெட்டுப் போச்சுன்னா பாதி தப்பு கழுவறதுல தான்னு சொன்னாரு. வைன் மோந்து எடுக்க சுரைக்குடுவைல நீளக் கைப்பிடி. 2006ல ரஷ்யா ஜார்ஜியா வைனைத் தடை பண்ணிடுச்சு, 2013 வரைக்கும் தடை இருந்துச்சு, அதுக்கு முன்னாடி சரக்கு முக்காவாசி அங்க தான் போயிட்டு இருந்ததாம், நிறைய பேர் விழுந்துட்டாங்க, ஆனா அதுக்கு அப்புறம் தான் வேற நாட்டுக்கு விக்கணும்னா தரம் வேணும்னு எல்லாருக்கும் புத்தி வந்துச்சு, எங்க தாத்தா க்வெவ்ரியை மறுபடி தோண்டி எடுத்தோம்னு அவரோட பொண்ணு மொழிபெயர்த்துச் சொல்லுச்சு.

சாப்பாடு ம்த்ஸ்வாடி. பன்னிக்கறியைப் பெரிய துண்டா கம்பில குத்தி, காய்ஞ்ச திராட்சைக் கொடியை எரிச்சு அந்தக் கங்குல சுடறது, மசாலா கிடையாது, உப்பு மட்டும், எறக்கினதும் பச்சை வெங்காயத்துல போட்டுப் பெரட்டி மாதுளைச் சாறு ஊத்தறாங்க. தொட்டுக்க ட்கெமாலி, புளிப்புக் காட்டு ப்ளம்ஸ்ல செஞ்ச சாஸ். இவ்வளவு புளிப்புக்கு செவப்பு வைன் தாங்காதுனு இவர் சொல்லிட்டு இருந்தாரு, சபெராவி தாங்குச்சு, ஏன்னா அதுலயே புளிப்பு நிறைய இருக்கு, துவர்ப்பைக் கறிக்கொழுப்பு பார்த்துக்கிச்சு. முந்தா நாள் ஊறுகாவோட வாயை எரிச்ச அதே வகை வைன், இங்க ஜக்கு காலியானதே தெரியல. அக்காவுக்கு சுட்ட காளான், சுல்குனி வச்சு உருக்கினது, கூட கிசினு ஒரு ஆம்பர், அது ர்கட்சிதெலியை விட மென்மை, முதல் தடவை ஆம்பர் குடிக்கறவங்க அதுல இருந்து ஆரம்பிச்சா பயப்பட மாட்டீங்க.

சாப்பாட்டுக்கு நடுவுல வீட்டுக்காரர் எழுந்து எழுந்து பேசினாரு, தமாதானு அந்தப் பொறுப்புக்குப் பேர், சமாதானத்துக்கு ஒண்ணு, செத்துப் போனவங்களுக்கு ஒண்ணு, பசங்களுக்கு ஒண்ணு, விருந்தாளிக்கு ஒண்ணு. ஒவ்வொண்ணும் அஞ்சு நிமிஷம். அவர் பேசி முடிக்கறதுக்குள்ள நாம குடிச்சுடக் கூடாது, இது தான் ரூலே. வேகத்தைக் குறைக்க இதை விட நல்ல வழி நான் பார்த்ததில்ல, ரெண்டு பேச்சுக்கு நடுவுல எவ்வளவு சாப்பிட்டோம்னு கணக்கே இல்ல. எட்டாயிரம் வருஷமா நாங்க வைன் செய்யறோம்னு ஒரு பேச்சுல சொன்னாரு, விருந்துல சும்மா அடிச்சு விடறாருனு நினைச்சேன், ரூமுக்கு வந்து தேடினா 2017ல வெளிவந்த ஆராய்ச்சியே இருக்கு, திபிலிசிக்குத் தெக்கால கிடைச்ச மண் பானைத் துண்டுல திராட்சை வைனோட ரசாயனத் தடயம், கிட்டத்தட்ட கி.மு. 6000.

கடைசில சாச்சா குடுத்தாங்க, வைன் எடுத்த சக்கைல காய்ச்சற சாராயம். அண்ணா மட்டும் ரெண்டு அடிச்சாரு. மறுநாள் காலைல சிக்னாகி கோட்டைச் சுவர் மேல நாங்க மூணு பேர் தான் நடந்தோம்.

எல்லாத்துக்கும் வைன் தான்னு பிடிவாதம் புடிக்காதீங்க. கின்காலி (கறியும் சூப்பும் உள்ள வச்சுக் கொழுக்கட்டையா மடிச்சு அவிச்சது, குடுமியைப் புடிச்சு ஓரமா கடிச்சு சூப்பை உறிஞ்சிட்டுத் தான் சாப்பிடணும், குடுமியை தட்டுல வச்சுடணும்) அதுக்கு அந்த ஊர்க்காரங்களே பீர் தான் குடிக்கறாங்க, நாங்க வைன் கேட்டதுக்கு சர்வர் பொண்ணு சிரிச்சுக்கிட்டே கொண்டு வந்து வச்சுது. சூடான மிளகு சூப்புக்கு மேல வைன் ஒண்ணும் எடுபடல. அதே மாதிரி படகு ஷேப்ல நடுவுல முட்டையும் வெண்ணெயும் போட்டு வர்ற அஜாரா கச்சாபுரிங்கற சீஸ் ரொட்டிக்கு செவப்பு வைன் சொல்லிடாதீங்க, முட்டை மஞ்சக்கரு நாக்குல படிஞ்சு எல்லாத்தையும் மந்தமாக்கிடும், இமெரேத்தி பக்கத்து சோலிகவுரினு ஒரு வெள்ளை வைன், நல்ல புளிப்பா ஃப்ரெஷ்ஷா இருக்கும், அது சரியா வெட்டும்.

சாதா கடைல ஆர்டர் பண்றப்ப முதல்லயே லிட்டர் ஜக்கு சொல்லாதீங்க, ஒரு கிளாஸ் கேளுங்க, வீட்டு வைன் கடைக்குக் கடை மாறும், ஒரு எடத்துல அருமையா இருக்கும், அடுத்த எடத்துல வினிகர் வாசனை அடிக்கும், புடிச்சா அரை லிட்டர் சொல்லுங்க. கூட தண்ணி பாட்டில் கண்டிப்பா வச்சுக்கங்க, போர்ஜோமி உப்பு கரிக்கும், எங்களுக்கு ஒத்துக்கல, நபெக்லாவி பரவாயில்ல. பல எடத்துல பில்லுல சர்வீஸ் சார்ஜ் தானா சேர்ந்து வரும், அதைப் பார்த்துட்டு டிப்ஸ் வைங்க. ரோட்டோரத்துல பெப்சி பாட்டில்ல ஊத்தி விக்கற வைன் அன்னிக்கே குடிக்கறதுக்குத் தான், பெட்டில வச்சு ஊருக்குக் கொண்டு வர்ற வேலை வேணாம்.

கொண்டு வர்றதுன்னா பேக்கேஜ் வெயிட் முதல்ல பார்த்துக்கங்க, ஒரு பாட்டில் கிலோவுக்கு மேல வரும், கேபின் பேக்ல விட மாட்டாங்க. யூஏஇக்குள்ள ஆளுக்கு நாலு லிட்டர், அப்ப அஞ்சு பாட்டில். நேரா இந்தியா போறவங்களுக்கு ரெண்டு லிட்டர் தான், அதாவது ரெண்டு பாட்டிலோட நிறுத்திக்கங்க. ஜீன்ஸ் காலுக்குள்ள சொருகி நடுவுல வச்சா உடையாது, நாங்க கொண்டு வந்ததுல ஒண்ணும் உடையல.

இங்க வந்து ஒவ்வொண்ணா தொறந்துட்டு இருக்கோம். மட்டன் சுக்காவுக்கு கிண்ட்ஸ்மராவுலி, சந்தேகமே இல்ல. அக்கா வீட்ல எண்ணெய்க் கத்திரிக்கா குழம்புக்கு ர்கட்சிதெலி ஆம்பர் வச்சுப் பார்த்தோம், எள்ளும் வேர்க்கடலையும் அரைச்சு ஊத்தினதால வால்நட் வேலையை அது செஞ்சுடுச்சு, ஆனா புளியைக் கொஞ்சம் கம்மி பண்ணணும். ரசத்தோட எதுவுமே ஒத்து வரல. முகுசானி ஒண்ணு மிச்சம் இருக்கு, ஓக் பீப்பாய்ல வச்ச ட்ரை சபெராவி, அதை மிளகா போடாம மிளகு மட்டும் தூக்கலா போட்டு ஈரல் வறுத்து தொறக்கலாம்னு இவர் சொல்றாரு, அண்ணா இந்த வெள்ளிக்கிழமையே வர்றேன்னுட்டாரு.